ஓய்ந்தவர் தொழில் மாறுதல்

(நமது சங்கத்தின் திருநெல்வேலிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நல்ல உத்தியோகத்திலிருந்த ஒருவர் உழைத்துழைத்து உடலும் மனமும் ஓய்ந்து, அவ்வுத்தியோகத்தை விட்டு வேறு தொழில் தேடுவதைப் பற்றியது. கல்வி, ஒற்றுமை, சிக்கனம் முதலியவற்றைப் பற்றி இம்மேடையிலே பன்முறை கேட்டிருக்கின்றீர்கள். இதனைப் பற்றி ஒருவரும் பேசக் கேட்டிருக்கமாட்டீர்கள். அத்தகையோர் நம்முள் இல்லாமையன்று அதற்குக் காரணம். நம் சங்கப் பத்திரிகையிலே பரீட்சையில் தேறியோர் பெயரும், உத்தியோக உயர்வு பெற்றோர் பெயரும் மகிழ்ச்சியோடு வெளியிடப்படுகின்றன. உத்தியோகத்தை விட்டு வீடு திரும்பியோரைப் பற்றி ஒரு வரியேனும் வெளிவருவதில்லை. அவர்களைப் பற்றிய பேச்சுத் திண்ணையிலும் கலியாணப் பந்தலிலும் தாழ்ந்த குரலில் நடக்கின்றது. தாழ்ந்த குரலில் நடக்கும் பேச்சுக்கு மருந்து, அதனைச் சபையில் வெளிப்படையாகப் பேசுவதே என்பது என் கருத்து.

நீங்கள் யாவரும் அறிந்த நிலைமை இது. பொறியியற் கல்வி கற்ற பிள்ளை பெங்களூரிலோ சென்னையிலோ மென்பொருட் கம்பெனியில் அமர்கின்றான். நியூயார்க்கு நகரத்தாருக்குப் பகலாயிருப்பது நமக்கு இரவாதலின், அவர்களுக்கு வேலை செய்யும் பலர் இரவில் விழித்துப் பகலில் உறங்க முயல்கின்றனர். பெண் பிள்ளை தாதியாகவோ, பாங்கியிலோ, பள்ளியிலோ பணியாற்றி, வீட்டுக்கு வந்த பின் இரண்டாவது வேலையாக வீட்டுப் பணியையும் தொடங்குகின்றாள். ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் இவ்வாறு செல்கின்றன. பிறகு ஒரு நாள் பிள்ளை பெட்டியோடு ஊர் வந்து சேர்கின்றான். விடுமுறை முடிந்தும் திரும்புவதில்லை. 'என்ன, லீவா?' என்று அடுத்த வீட்டார் வினவுகின்றனர். தாயார், 'வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்' என்று மறுமொழி சொல்லிப் பேச்சை மாற்றுகின்றார். அந்தத் தாயார் அவ்வாறு மறைக்க வேண்டியதில்லாத நிலைமையை நாம் உண்டாக்கவேண்டும்.

முதலில் இவ்வோய்ச்சல் இன்னதென்று தெளிதல் வேண்டும். இது சோம்பலன்று, ஒருநாள் உறங்கினால் தீரும் களைப்புமன்று. 'ஓய்ச்சல் ஒழிச்சலின்றி' என்னும் வழக்கு நம்மிடம் உண்டு. அவ்வாறு ஓய்வு கொள்ளாது உழைப்பவனே ஈற்றில் ஓய்ந்துபோகின்றான். 1974-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து உளவியலறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்பார், ஏழைகளுக்கான இலவச வைத்தியசாலைகளில் தொண்டாற்றியோர் சில காலத்தில் எரிந்தவிந்த விளக்குப் போலாகிவிடுவதைக் கண்டு இதனைப் பற்றி எழுதினார். ஆர்வமில்லாதவரையன்று, மிக்க ஆர்வமுடையோரையே இது பற்றுவதை அவர் கண்டமை கருதத் தக்கது. பின்னர்க் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் இதனை அளந்தறிதற்குரிய வினாத்தொகுதி ஒன்றை மற்றோரறிஞருடன் வகுத்து 1981-இல் வெளியிட்டார். உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-ஆம் ஆண்டில் ஏற்ற தன் நோய்ப் பகுப்பின் 11-ஆம் பதிப்பில் இதனைக் குறித்திருக்கின்றது. வேலை செய்யுமிடத்தில் நெடுங்காலம் நீடித்து, சரிவரச் சமாளிக்கப்படாத நெருக்கடியின் விளைவே இஃது என்றும், தனியொரு நோயாகாது தொழிலைச் சார்ந்த நிலைமையாகுமென்றும் அங்கே கூறப்பட்டுள்ளது.

இதன் அடையாளங்கள் மூன்று. சக்தி முழுதும் வற்றிவிட்டதென்னும் உணர்ச்சி முதலாவது. தன் வேலையினின்றும் மனம் விலகி, அதனிடத்து வெறுப்பும் நம்பிக்கையின்மையும் கொள்ளுதல் இரண்டாவது. தான் செய்வது எதுவும் பயன்படவில்லை, தனக்குத் திறமையில்லை என்று எண்ணுதல் மூன்றாவது. தறியிலிருந்து எழுந்த நம்மவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கை ஓய்வது முதலாவது. நாடாவைக் கண்டாலே முகம் திரும்புவது இரண்டாவது. நெய்த சேலையை விரித்துப் பார்த்து 'இதுவும் ஒரு சேலையா' என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒருவனிடத்துச் சேர்ந்திருக்க, 'ஊக்கமாயிரு' என்று அவனுக்கு உபதேசிப்பதால் யாது பயன்?

காரணங்களையும் ஆராய்ச்சியாளர் வகுத்திருக்கின்றனர். மாஸ்லாக் அம்மையாரும் லைட்டர் என்னும் அறிஞரும் ஆறு கூறினர். வேலைப்பளு மிகுதல், தன் வேலையில் தனக்கு அதிகாரமின்மை, உழைப்புக்கேற்ற ஊதியமும் மதிப்பும் கிடையாமை, உடனுழைப்போரிடம் ஒட்டுறவின்மை, நியாயமின்மை, தன் மனச்சாட்சிக்குப் பொருந்தாத காரியங்களைச் செய்ய நேருதல் என்பன அவை. இவற்றுள் வேலைப்பளு ஒன்றே வெளியார் கண்ணுக்குத் தெரிவது. 'எங்கள் காலத்தில் இதைக் காட்டிலும் அதிகம் உழைத்தோம். நாங்கள் ஓயவில்லையே' என்று பெரியோர் கூறுவதன் காரணம் இதுவே. அவர்கள் கூறுவது மெய். ஆனால் தம் வீட்டுத் தறியில், தம் மக்கள் சூழ, தாம் நெய்வது இன்ன புடைவையென்று கண்முன் கண்டு உழைத்த உழைப்பு அது. எவருக்காக, எதற்காகச் செய்கின்றோமென்று தெரியாமல், எந்த நேரத்தில் எவர் அழைப்பாரென்றும் அறியாமல் உழைக்கும் உழைப்பு வேறு. இரண்டையும் மணிக்கணக்கால் மட்டும் நிறுத்துப் பார்த்தல் பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடமை. ஓய்ச்சல் போலத் தோன்றுவன யாவும் தொழிலால் வந்தனவல்ல. இரத்தக் குறைவும், தைராய்டுக் கோளாறும், மனச்சோர்வு நோயும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தரும். ஆதலின் உத்தியோகத்தை விடுமுன் வைத்தியரைக் காண்பது முதற்காரியம். மனநோய் வைத்தியரிடம் செல்வது இழிவென்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. பல்வலிக்குப் பல் வைத்தியரிடம் செல்பவன் மனவலிக்கு மனவைத்தியரிடம் செல்வதில் என்ன இழிவு? பாளையங்கோட்டையிலுள்ள ஸர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கின்றது. 2022-ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வாயிலாக எந்நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம். வாழ்க்கையையே வெறுத்துப் பேசும் பிள்ளையிடம் தொழில் மாற்றத்தைப் பற்றி வாதித்துக்கொண்டிராமல், உடனே அழைத்துச் செல்லல் வேண்டும்.

இனி நம் நதிக்கரை விவசாயத்தைச் சிறிது நோக்குவோம். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் தாமிரபரணியிலே, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கார், பிசானம் என இரு போகம் விளையும் பூமியென்று நாம் பெருமை பேசுகின்றோம். அவ்விரு போகங்களுக்கும் அப்பால் ஒரு காலம் இருப்பதை மறந்துவிடுகின்றோம். பிசான அறுவடை முடிந்தபின் கோடையில் கால்வாய்களை அடைப்பதும், தூர் வாருவதும், மடைகளைச் செப்பனிடுவதும், வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவதும் நம் பெரியோர் கண்ட முறை. அக்காலத்தில் வயல் ஒன்றும் விளைவிப்பதில்லை. ஆயினும் எவரும் அதனைச் சோம்பேறி வயலென்று ஏசுவதில்லை. நிலத்துக்கு நாம் கொடுக்கும் அம்மரியாதையை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கிலே காரும் பிசானமும் உண்டு, கோடையடைப்பு இல்லை.

தொழில் மாறுதல் குலத்துக்கு அவமானமென்று எண்ணுவோர்க்கு நம் சரித்திரத்தையே மறுமொழியாகத் தருகின்றேன். நெசவு நமது குலத்தொழில். நம் பாட்டன்மார் விடியுமுன் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சியிட்டு, விளக்கு வைக்கும் வரையில் தறிக்குழியில் காலிறக்கி உழைத்தனர். பாட்டிமார் தார் சுற்றிச் சுற்றித் தோள் நொந்தனர். மழைக்காலத்தில் பாவு நீட்ட இடமின்றிப் பட்டினியும் கிடந்தனர். 1880-களில் பாபநாசத்து அருவி நீரின் விசைகொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி கம்பெனியாரின் நூலாலை எழுந்தது. 1935-இல் நெசவாளருக்கென மாகாணக் கூட்டுறவுச் சங்கம், இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது, தோன்றியது. இரண்டாவது உலக யுத்த காலத்திலும் அதனையடுத்தும் நூல் தட்டுப்பாட்டால் தறிகள் நின்றன. பின்னர் விசைத்தறி வந்தது. வீரவநல்லூர் முதலிய ஊர்களில் கைத்தறி இன்றும் நெய்யப்படுகின்றதெனினும், மேலப்பாளையம் போன்ற இடங்களில் தறி நின்ற வீடுகளிலே பீடித் தட்டு வந்தமர்ந்தது. அவ்வாறு மாறியவரெல்லாம் நம்மவர் மட்டுமல்லர். நெசவு செய்த பல சமூகத்தாரும் மாறினர்.

நம் வீடுகளிலே தறிக்குழியை மூடித் தரைபோட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய நாளில், 'குலத்தொழிலை விட்டானே' என்று ஏசியோரும் இருந்தனர். அவ்வேச்சைப் பொருட்படுத்தாமையாலன்றோ நம்முள் ஆசிரியரும், குமாஸ்தாவும், வைத்தியரும், பொறியியலாளரும் தோன்றினர்? ஒரு தொழில் ஒருவனைத் தின்னும்பொழுது அதனை விட்டெழுதல் அவன் உரிமை என்பதை நம் பாட்டன்மார் ஏட்டில் எழுதவில்லை, செய்து காட்டினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், இன்று கணிப்பொறி முன்னிலையில் ஓய்ந்த ஒருவனைப் பார்த்து, 'இவ்வளவு சம்பளத்தை விடலாமா?' என்கின்றோம். பிறப்பினால் தொழில் அமையவேண்டுமென்பதை மறுத்த நாமே, முதலிற் கிடைத்த சம்பளத்தினால் ஆயுள் முழுதும் தொழில் அமையவேண்டுமென்று விதிக்கின்றோம். சம்பளம் என்பது ஒரு புதிய ஜாதியாகி வருகின்றது. பழைய ஜாதித்தொழில் விதியை உடைத்த கையால் இப்புதிய விதியை எழுதுதல் தகுமா?

நம் ஜில்லாவிலேயே கற்றறிந்த பெரியார் மூவர் தம் முதல் தொழிலை விட்டு வேறு துறை புகுந்த வரலாறு நமக்கு வழிகாட்டும். மூவரும் வக்கீல்கள். மூவரும் நம் குலத்தாரல்லர். ஆயினும் நல்லோரை அயலாரென்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இன்று நாம் பேசும் ஓய்ச்சலால்தான் அவர்கள் தொழில் மாறினரென்று யான் சொல்ல வரவில்லை. எவ்வாறு மாறினர் என்பதே நமக்கு வேண்டுவது.

முதலாமவர் எஸ். வையாபுரிப் பிள்ளையவர்கள். 1891-ஆம் ஆண்டில் திருநெல்வேலியைச் சார்ந்த சிக்கநரசையன் கிராமத்தில் பிறந்தவர். சட்டம் பயின்று, திருவனந்தபுரத்தில் ஏறக்குறைய ஏழாண்டும், பின்னர்த் திருநெல்வேலியில் சில ஆண்டும் வக்கீலாயிருந்தார். 1926-இல் சென்னைச் சர்வகலாசாலைத் தமிழ் அகராதியின் பதிப்பாசிரியராக அமர்ந்தார். 1936-இல் அவ்வகராதி இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு நிறைவுற்றது. வக்கீல் ஒருவர் ஒரே நாளில் அகராதியாசிரியராகிவிடுதல் இயலுமோ? வக்கீலாயிருந்த காலத்திலேயே, 1922-இல், மனோன்மணிய நாடகத்தை ஆராய்ந்து பதிப்பித்திருக்கின்றார். கச்சேரியிலிருந்து வந்த பின் அவர் கண்ட ஏடும் எழுத்தும் அவருடைய இரண்டாவது தொழிலுக்கு விதையாயின. மேலும், இரு கட்சிச் சாட்சியங்களையும் சீர்தூக்கி உண்மை காணும் வக்கீல் பழக்கம், சுவடிகளின் பாடபேதங்களைச் சீர்தூக்குதற்கும் பயன்பட்டிருக்குமென்றே தோன்றுகின்றது. முதல் தொழிலிற் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை.

இரண்டாமவர் 'ரஸிகமணி' டி. கே. சிதம்பரநாத முதலியாரவர்கள். சட்டம் பயின்று திருநெல்வேலியில் வக்கீலாக அமர்ந்தும் அவர் நெஞ்சம் கவிதையிலேயே நின்றது. வண்ணார்பேட்டையில் அவருடைய இல்லத்துத் தொட்டிக்கட்டிலே அன்பர் கூடிக் கம்பனையும் பிற கவிகளையும் அனுபவித்தனர். 'வட்டத்தொட்டி' என்று அக்கூட்டம் பெயர் பெற்றது. சட்டசபையில் அங்கம் வகித்தும், 1930 முதல் ஐந்தாண்டு காலம் இந்துமத பரிபாலனத் துறையில் கமிஷனராயிருந்தும், அதன் பின்னரே குற்றாலத்தில் நிலையாகத் தங்கி இலக்கியத்துக்கே தம்மை ஒப்புவித்தார். 1954-இல் காலமாகும் வரையில் அவ்வாழ்வே வாழ்ந்தார். இதில் நாம் காண வேண்டுவது, ஒரே தாவாகத் தாவாமல் படிப்படியாக அவர் நகர்ந்தமையும், தாம் விரும்பியதை அன்பர் குழாத்தோடு பயின்றமையுமாம்.

மூன்றாமவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்து, வக்கீலாகி, 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, 1908-இல் சிறை புகுந்து, 1912-ஆம் ஆண்டின் ஈற்றில் விடுதலையடைந்தார். உடல் நொந்திருந்தது, கப்பல் கம்பெனி அழிந்திருந்தது, வக்கீல் ஸன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் செய்து பார்த்தார். கோயமுத்தூரிலும் சில காலம் வேலை பார்த்தார். பின்னர் ஸன்னதைத் திரும்பப் பெற்றுக் கோவில்பட்டியில் மீண்டும் வக்கீலாக அமர்ந்தார். இவ்வளவிற்கும் இடையே ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார்; தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையைப் பதிப்பித்தார். விட்ட தொழிலுக்கு மீண்டும் வருதல் தோல்வியாகாதென்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டா. ஆயினும் 1936-இல் அவர் மறையும் வரையில் வறுமை அவரை விடவில்லை. நொந்து வெளிவந்த ஒரு பெருமகனைத் தாங்கிக்கொள்ள அன்றைய சமூகம் போதிய அளவு முன்வரவில்லையென்பது நாம் வருந்தி உணரவேண்டிய உண்மை. அவ்வளவு உறுதி படைத்தவருக்கே அந்நிலையென்றால், சாதாரணமான நம் பிள்ளைகள் தனித்து நின்று என் செய்வர்?

தறி நெய்தோர்க்குத் தெரிந்த உவமை ஒன்றால் இவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன். ஒரு பாவு நெய்து முடிந்ததும் நெசவாளி என் செய்கின்றான்? அச்சிலும் விழுதிலும் கோத்து நிற்கும் பழைய இழைமுனைகளை அறுத்தெறிந்துவிடுவதில்லை. அவற்றோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக இணைத்துப் பிணைக்கின்றான். பிணைக்கும் அப்பொழுது ஒரு முழத்துணியும் விளைவதில்லை, தறி நின்றிருக்கும், வீட்டார் பொறுத்திருப்பர். தொழில் மாறுதலும் பாவு பிணைத்தலேயாகும். அதற்கு வேண்டுவன மூன்று: பிணைத்தற்குப் பழைய முனை, முன்னரே ஆயத்தம் செய்த புதுப் பாவு, வீட்டாரின் பொறுமை.

முதலாவது, ஓய்ந்திருக்கும் நிலையில் பெருந்தீர்மானம் செய்யலாகாது. இயன்றால் விடுமுறை பெற்று, உறக்கமும் உணவும் ஒழுங்குபட்ட பின்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழில் பிடிக்கவில்லையா, அத்தொழில் நடக்கும் இடம் பிடிக்கவில்லையா என்பதை அப்பொழுதுதான் பகுத்தறிய முடியும். சிலருக்கு எஜமானரை மாற்றினாலே போதும்; சிலருக்கு ஊரை மாற்றினால் போதும். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே 2011 முதல் ஒரு பெரிய மென்பொருட் கம்பெனி அலுவலகம் நடத்திவருவதை நீங்கள் அறிவீர்கள். மேற்கூறிய ஆறு காரணங்களுள் எது தன்னை வருத்தியதென்று காணாமல் தொழிலை மட்டும் மாற்றினவன், அதே காரணத்தைப் புதிய தொழிலிலும் சந்திப்பான்.

இரண்டாவது, புதுப் பாவை முன்னரே நீட்டி வைத்தல் வேண்டும். மாதச் சம்பளம் வரும்பொழுதே மாலை வேளையில் மற்றொரு வித்தையைப் பயில்வது நலம். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 முதல் நம் அருகிலேயே இருக்கின்றது. தொலைநிலைக் கல்வியும் அளிக்கின்றது. கைத்தொழில் கற்பதற்குப் பேட்டையில் ஸர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது. புதிதாகப் புக விரும்பும் தொழிலில் உள்ளார் ஒருவரிடம் சில வாரங்கள் உடனிருந்து பார்ப்பது எப்பாடத்தினும் மேலானது.

விசேஷமாக விவசாயத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நகரத்தில் ஓய்ந்தோர் பலர் 'ஊருக்குப் போய் உழுவேன்' என்கின்றனர். நல்ல எண்ணமே. ஆனால் அணையில் நீர் போதாத ஆண்டில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதில்லை என்பதையும், அறுப்புக் கூலியும் உர விலையும் இன்னவென்பதையும், நெல் கொள்முதலுக்குக் காத்திருத்தல் எத்தகையதென்பதையும் அறிந்து வருதல் வேண்டும். விவசாயம் ஓய்வில்லமன்று. அதிலேயே பிறந்து வளர்ந்தோர் அதிலும் ஓய்ந்துபோகின்றனர் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, கணக்கு. வீட்டுக்கு மாதம் குறைந்தது எவ்வளவு வேண்டும், கையிலிருப்பது எத்தனை மாதம் தாங்கும், கட்டவேண்டிய கடன் எவ்வளவு என்று எழுதிப் பார்க்காமல் ராஜினாமா எழுதலாகாது. வீட்டுக்கடன் தலைமேலிருப்பவன் முதலில் அதனைக் குறைக்கும் வழி பார்த்தல் வேண்டும். கலியாணத்துக்கும் காருக்கும் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கும் நம் வழக்கமே பல பிள்ளைகளைத் தமக்குப் பொருந்தாத வேலையிற் கட்டிப்போடும் சங்கிலியாகிவிட்டது. அச்சங்கிலியை அடித்துக் கொடுத்தவர் பெற்றோராகிய நாமும்தான்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆண் பிள்ளை வேலையை விட்டால் ஊர் கேலி பேசுகின்றது. பெண் பிள்ளை விட்டால் ஊர் வாய் திறப்பதே இல்லை. 'வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்று அமைந்துவிடுகின்றது. முன்னதைக் காட்டிலும் பின்னது கொடியதாயினும் ஆகலாம். அவள் ஓய்ந்ததற்குக் காரணம் கேட்பாரில்லை, ஓய்வு கொடுப்பாரில்லை, அலுவலக வேலை போய் வீட்டு வேலை மட்டும் இரட்டிக்கின்றது, மீண்டும் ஒரு தொழிலில் அமர உதவுவாருமில்லை. பீடி சுற்றிக் குடும்பம் தாங்கும் பெண்கள் நிறைந்த இந்த ஜில்லாவிலே, பெண்ணின் தொழிலை விளையாட்டாகக் கருதுதல் நன்றியின்மையாகும்.

இனி, சங்கம் செய்யத்தக்கன சிலவற்றை உங்கள் முன்னிலையில் விண்ணப்பித்துக்கொள்கின்றேன். கல்வி நிதி பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கே செல்லவேண்டுமென்பதில்லை. அதில் ஒரு பகுதியை, முப்பது நாற்பது வயதில் இரண்டாவது தொழில் பயில விரும்புவோர்க்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். பற்பல தொழில்களிலுள்ள நம்மவருள் அனுபவமிக்கோர் சிலர், மாதம் ஒருநாள் அமர்ந்து, தொழில் மாற எண்ணுவோர்க்குத் தனிமையில் ஆலோசனை கூறலாம். அங்கே கேட்டது வெளியிற் செல்லாது என்னும் உறுதி மிக முக்கியம். வரன் அறிவிப்புகளிலே சம்பளத் தொகையை முதல் வரியாக வைக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். உத்தியோக உயர்வு பெற்றோரை வாழ்த்தும் பக்கத்திலேயே, புதுத்தொழில் தொடங்கியோரையும், அவர்கள் சம்மதம் பெற்று, வாழ்த்தலாம். இவற்றுள் இறுதி இரண்டுக்கும் காசு செலவில்லை; மனம் இருந்தால் அடுத்த இதழிலேயே செய்துவிடலாம்.

வீட்டார் செய்யவேண்டியது இதனினும் எளிது; இதனினும் கடினம். ஓய்ந்து வந்த பிள்ளையிடம் சில மாதம் ஒன்றும் கேளாதிருங்கள். வேளைக்குச் சோறிட்டு, உறங்க விட்டு, ஆற்றுக்கும் தெருவுக்கும் அவன் இஷ்டம்போல் சென்றுவர விடுங்கள். அடுத்த வீட்டார் கேட்டால், 'உழைத்து ஓய்ந்து வந்திருக்கிறான். இளைப்பாறி, வேறு தொழில் பார்ப்பான்' என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அவ்வொரு வாக்கியத்தை நீங்கள் உரக்கச் சொல்வதைத் தன் அறைக்குள்ளிருந்து கேட்கும் பிள்ளைக்கு, எந்த வைத்தியரும் தரமுடியாத தெம்பு உண்டாகும்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒன்று கூறுவேன். வீட்டார் தரும் அவகாசம் கோடையடைப்பைப் போன்றது, அஃது எல்லையுடையது. தூர் வாரவேண்டிய காலத்தில் தூர் வாராதிருந்தால், தண்ணீர் திறக்கும் நாளில் வயலுக்கு நீர் பாயாது. உங்கள் பெற்றோர் வெறுந்தரையில் அமர்ந்து சேர்த்த பொருளால் நீங்கள் கற்றீர்கள் என்பதை மறவாதீர்கள். ஆயினும் அந்நன்றிக்கடனை உங்கள் உயிரையும் உறக்கத்தையும் கொடுத்துத் தீர்க்கவேண்டுமென்று எந்தப் பெற்றோரும் விரும்பார். மனம் விட்டு அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லாமல் தாங்கித் தாங்கி முறிவதினும், சொல்லித் தளர்வது மேல்.

சகோதரர்களே! நாம் ஒரு தொழிலால் ஒன்றுசேர்ந்த சமூகம். இன்று நம்முட் பெரும்பாலோர் அத்தொழிலில் இல்லை. ஆயினும் நாம் சமூகமாகவே இருக்கின்றோம். தொழிலினும் உறவு நெடிது நிற்பதென்பதற்கு இச்சபையே சான்று. ஆதலின் நம் பிள்ளைகளுள் ஒருவர் தொழிலை விட்டார் என்பதால் நம்மை விட்டார் என்று எண்ணாது, பழைய முனையை அறுபடாமல் பிடித்துக்கொண்டு, புதுப் பாவு பிணையும் வரையில் பொறுத்திருப்போமாக.